புதிய லைப்ரரிக்குப் பழைய பெயர்

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனி. அதன் சோதனை அறையில் இருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு வேண்டிய மென்பொருளைப் பேக்கேஜாகக் கட்டிக் கொடுப்பது என் வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால் தெரியும், உயிரை வாங்கிவிடும்.

பம்ப் எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று அளக்கும் புரோகிராம் பழையது. புதிதாக ஒரு ரிப்போர்ட் புரோகிராம் வந்தது. இரண்டும் பொதுவாக ஒரு லைப்ரரியை, அதாவது பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு கோப்பை, நம்பியிருந்தன. பழைய புரோகிராமுக்கு அதன் பழைய பதிப்பு வேண்டும், ரிப்போர்ட் புரோகிராமுக்குப் புதியது வேண்டும். ஒன்றைப் போட்டால் மற்றது எழுந்திருக்காது. இரண்டு நாள் மல்லுக்கட்டி அலுத்துப்போனேன். மூன்றாம் நாள், "சார், இன்னைக்காச்சும் முடிஞ்சுருமுங்களா?" என்று சூப்பர்வைசர் ஐந்தாவது தடவை கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய புரோகிராம் ஏமாறட்டும் என்று புதிய லைப்ரரிக்குப் பழையதன் பெயரை வைத்துவிட்டேன். பட்டறைகளில் அளவு சேராத புஷ் வளையத்தை அரத்தால் ராவி உள்ளே தட்டிவிடுவார்களே, அதே வேலைதான். இரண்டும் ஓடின. அப்பாடா என்று வண்டியை எடுத்தேன்.

பத்து நாள் கழித்து, அந்த அறையில் பம்ப்களைச் சோதிக்கும் அக்கா போன் செய்தார்.

"ஏனுங்க சார், நல்ல பம்பெல்லாம் ஃபெயில்னு காட்டுதுங்க. கம்ப்யூட்டர்லதான் ஏதோ கோளாறுங்க."

"அதுல ஒண்ணுமில்லீங்கக்கா. பைப்பைச் சரியா மாட்டுறீங்களான்னு பாருங்க" என்றேன். என்ன திமிர் எனக்கு! நேரில் போய்ப் பார்க்கக்கூட இல்லை.

அடுத்த மாதம் பம்ப்பை மாட்டிச் சோதிக்கும் இரண்டாவது பெஞ்சின் கம்ப்யூட்டருக்கும் அதே பேக்கேஜைப் போடப் போனேன். அங்கே இன்னும் பழைய புரோகிராம் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பெஞ்சில் ஃபெயிலான பம்ப் அங்கே பாஸானது. இரண்டு லைப்ரரிகளையும் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். புதிய லைப்ரரியில் எண்களை வைக்கும் வரிசையையே மாற்றியிருந்தார்கள். பழைய புரோகிராம் அவ்வப்போது தப்பான எண்ணை எடுத்துப் படித்திருக்கிறது. பழைய லைப்ரரியை அந்தப் புரோகிராமின் ஃபோல்டருக்குள்ளேயே வைத்து, அங்கே மட்டும் தேடும்படி பேக்கேஜை மாற்றிக் கட்டினேன். அரை நாள் வேலை. முதலிலேயே செய்து தொலைத்திருக்கலாம்.

அக்காவை எங்கே காணோம் என்று சூப்பர்வைசரைக் கேட்டேன்.

"அவங்களுக்கு வேலை சுத்தமில்லீங்க சார். பேக்கிங்குக்கு மாத்திப்போட்டோம்."

தப்பு என்னுடையது என்று எல்லாவற்றையும் சொன்னேன். "அப்படீங்களா? செரி, நாளைக்கே பெஞ்சுக்கு வரச் சொல்லிப்போடலாமுங்க" என்றார், சாவகாசமாக.

பேக்கிங்கில் அக்கா அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நன்றாகத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நான் வரலீங்க சார். பதினோரு வருசம் அங்க நின்னவ. நீங்க சொன்னதுக்கப்புறம் தெனமும் பைப்பைக் கழட்டிக் கழட்டி மாட்டுனேனுங்க. என் கையிலதான் கோளாறுன்னு நானே நம்பிப்போட்டேன். இனி மெசினு சரியாக் காட்டுனாலும் எனக்கு நம்பிக்கை வராதுங்க."