நாளைக்கு ஐந்து வாக்கியம்

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த மிஸ் தென்காசிப் பக்கத்துக்காரர். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்ததால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்து சேர்ந்தவர். எங்கள் பேச்சு அவருக்குப் பாதி புரியாது, அவர் பேச்சு எங்களுக்குப் பாதி புரியாது. அதனாலோ என்னவோ இரண்டு தரப்பும் ஆங்கிலத்தை ரொம்ப நம்பினோம்.

ஃபியூச்சர் டென்ஸ், அதாவது எதிர்காலம் நடத்த அவர் ஒரு வழி வைத்திருந்தார். தினமும் சாயந்தரம், நாளைக்கு என்ன நடக்கும் என்று ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். மறுநாள் சாயந்தரம், எழுதியதில் எது நடந்ததோ அதற்கு நேராக நாமே டிக் போட்டுக்கொள்ள வேண்டும். கண்ணுக்கு முன்னால் அறிகுறி தெரிந்தால் 'கோயிங் டு', இல்லாவிட்டால் 'வில்'. இப்போது போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதுகிறேன். 'வில்' என்று எழுதும்போது இன்றைக்கும் கை ஒரு நொடி நின்றுதான் போகிறது.

எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒழுங்காகப் படிக்கப் போனவன் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அக்கா இரண்டாம் வகுப்போடு நின்று, மாடு மேய்த்து, பத்தொன்பது வயதில் பாகலூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணைக்கு வேனில் போய்வந்துகொண்டிருந்தாள். அப்பா எங்கள் ராகிக் கொல்லையில் வேலை முடித்து வந்து கைகால் கழுவியதும், "நாளைக்கு என்னடா போட்டுக்கீற?" என்பார். நான் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுத் தமிழில் அர்த்தம் சொல்வேன். சூரியன் உதிக்கும், சேவல் கூவும், நான் பள்ளிக்குப் போவேன். "சேவல் கூவறதுக்கு ஒரு நோட்டு, ஒரு மிஸ்ஸு" என்று சிரிப்பார். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "அப்புறம்?" என்று கேட்காமல் விடமாட்டார்.

இரண்டாவது வாரம் எனக்குப் பத்திரமான வாக்கியங்கள் தீர்ந்துபோயின. சும்மா, மழை பெய்யும் என்று எழுதினேன். மார்கழி மாதம், வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. மறுநாள் மத்தியானம் கொட்டித் தீர்த்தது. 'வில் நாட்' பழகுவதற்காக, எங்கள் நாய் சாப்பிடாது என்று எழுதினேன். மறுநாள் அது சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. டிக் போடும்போது பேனா கனத்தது. அம்மா என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "இனிமேட்டு நல்லதா நாலு எழுது கண்ணு" என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் பேசுகிற குரலாக அது இல்லை. குறிசொல்கிறவனிடம் பேசுகிற குரல்.

ராகி முற்றுகிற அந்த மாதங்களில் சானமாவுக் காட்டில் யானைகள் வந்து தங்கும். அப்போது எங்கள் ஊரில் யானை என்ற சொல்லையே யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், சாமி என்பார்கள். அதைவிடக் கண்டிப்பான வழக்கம் இன்னொன்று உண்டு. சாமி இன்ன இடத்தில் நிற்கிறது என்று கண்ணால் பார்க்காமல் சொல்லக்கூடாது. பொய்யாகச் சொன்னால் சொன்ன இடத்துக்கே வந்து நிற்கும் என்பார்கள். அதனால் ஒருவர் வந்து ரோட்டில் சாமி நிற்கிறது என்றால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கல்யாண வண்டியாக இருந்தாலும் திரும்பிவிடும்.

அந்த வாரம்தான் மிஸ் 'எ, அன், தி' நடத்தினார். முதன்முதலாக வருகிற ஒன்று என்றால் 'எ' அல்லது 'அன்'. அதே ஒன்று மறுபடி வந்தால், அது தெரிந்த ஒன்று, 'தி' போட வேண்டும். 'அன்' போடுவதற்கு ஆப்பிளும் ஆரஞ்சும் குடையும் தீர்ந்துபோன ஒரு சாயந்தரம், 'அன் எலிஃபன்ட் வில் கம்' என்று எழுதிவிட்டேன். இங்கிலீஷில் எழுதினால் அதற்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவிடம் வாசிக்கும்போது அந்த ஒரு வரியை மட்டும் தாண்டிவிட்டேன்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் ஏரிக்கரை ஈச்சமரங்களுக்கு நடுவில் ஒற்றை ஆண் யானை ஒன்று வந்து நின்றது. எதையும் தின்னவில்லை, தண்ணீரிலும் இறங்கவில்லை. பனியில் பாதி உடம்பு மறைந்திருக்க, எங்கள் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிப் போனது. இதற்கு முன்னால் அதைப் பார்த்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். இனி அதைப் பற்றி எழுதினால் 'தி' என்றுதான் எழுத வேண்டும் என்று தோன்றியது. அது தெரிந்த ஒன்றாகிவிட்டது. அதற்கும் என்னைத் தெரிந்துவிட்டது.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். பயப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ, "ஒரு பையன்னு இங்கிலீஷ்ல எப்டிடா சொல்லுவ?" என்று கேட்டாள். எ பாய் என்றேன். "மறுக்கா அவனையே சொல்லணும்னா?" தி பாய் என்றேன். தி பாய், தி பாய் என்று இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை மாமா வருவதாக இருந்தது. அம்மாவின் தம்பி. வேப்பனப்பள்ளிக்காரர், மாந்தோப்பு வைத்திருந்தார். அக்கா பிறந்த அன்றைக்கே அவருக்கு என்று பேசி வைத்ததாம், இப்போது நாள் குறிக்க வருகிறார். அக்காவைவிடப் பதினாறு வயது பெரியவர். வரும்போதெல்லாம் எனக்கு முறுக்கு வாங்கி வருவார்.

வியாழக்கிழமை மிஸ் ஒரு அட்டவணை கொடுத்திருந்தார். முதல் கட்டத்தில் அப்பா, அம்மா, அக்கா, மாமா. இரண்டாவது கட்டத்தில் 'வில்', 'வில் நாட்'. மூன்றாவதில் வீட்டுக்கு வருவது, சாப்பிடுவது, வேலைக்குப் போவது. கட்டத்துக்கு ஒன்றாக எடுத்துக் கோர்த்தால் வாக்கியம். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையெல்லாம் முள் கீறல், ரோஜாவுக்கு அடிக்கிற மருந்து வாசம். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, "என்னைய வெச்சி ஒன்னு எழுதுடா" என்றாள். அவளே விரலை வைத்தாள். அக்கா. வில் நாட். வீட்டுக்கு வருவது.

'மை சிஸ்டர் வில் நாட் கம் ஹோம் டுமாரோ' என்று எழுதி வாசித்தேன்.

"தமிழ்ல சொல்லு. சத்தமா சொல்லு."

நாளைக்கு அக்கா வீட்டுக்கு வரமாட்டாள் என்று வாசலுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். ராகிக் கட்டுக் கட்டுவதற்கு வைக்கோல் பிரி திரித்துக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. அக்கா அவரையே பார்த்தாள். அப்பா குனிந்து மறுபடி திரிக்க ஆரம்பித்தார். அன்றைக்கு "அப்புறம்?" என்று கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து அம்மாதான் கத்தினாள்: "என்ன பேச்சுடா அது? அடிச்சிட்டு வேற எழுது!" அடித்தல் திருத்தல் இருந்தால் மிஸ் கையெழுத்துப் போடமாட்டார். அப்படியே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் வேன் வந்தது. பெண்கள் இறங்கினார்கள். அக்கா இறங்கவில்லை.

"மத்தியானமே வயித்துவலின்னு கெளம்பிடுச்சே, ஊட்டுக்கு வரல?" என்றார் டிரைவர். வீட்டில் இருந்த ஒரே பட்டன் போன் அப்பாவுடையது, அக்காவிடம் போன் கிடையாது. உள்ளே வெற்றிலைத் தட்டோடு மாமாவும் அவர் கூட்டாளிகள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "இவன் எழுதிட்டான்! நேத்தே எழுதிட்டான்!" மாமா நோட்டைக் கேட்டு வாங்கினார். அவருக்கும் படிக்கத் தெரியாது. "எதுல போட்டுக்குது, காட்டு" என்றார். காட்டினேன். அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் வேனில் வந்த ஒருத்தி, பண்ணையில் பூ வண்டி ஓட்டுகிற கன்னடக்காரப் பையனையும் காணோம் என்று சொல்லிவிட்டாள். கூட்டாளிகள் எழுந்து பைக்கை உதைத்தார்கள். சானமாவுக் காட்டு ரோட்டில் போனால் ஓசூர், அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். "பார்டர் தாண்டறதுக்குள்ள புடிச்சிடலாம் மச்சான். புடிச்சா ரெண்டு பேரும் உசுரோட திரும்பக்கூடாது" என்றான் ஒருவன். அது எனக்குள் இறங்கவே இல்லை. அக்கா காட்டில் எங்கோ அந்த ஏரிக்கரை யானையின் காலடியில் கிடக்கிறாள், எழுதியது நான் என்பது மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது. டிக் போடக்கூடாது, டிக் போடாவிட்டால் நடக்காது என்று பேனாவை வேலிக்கு அந்தாண்ட வீசினேன்.

"இருங்க. ரோட்டப் பாத்துட்டு வரேன்" என்று அப்பா கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

காட்டு ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. தைலமரங்களுக்கு நடுவில் கறுப்பாக, நேராக, காலியாக. யானைகள் ஏரிக்கு அந்தாண்ட இருந்தன. அங்கே ஜனங்கள் அவற்றை விரட்டத் தகரம் தட்டுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அப்பா ரோட்டின் நடுவில் நின்று ஓசூர்ப் பக்கம் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பியபோது நான் நிற்பதைக் கண்டார். திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னார்: "சாமிங்க ரோட்டுல நிக்குதுங்க. எட்டு. காலையில போலாம்."

பைக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மாமா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. படிக்காதவர், நிற்கும் என்பதை நிற்கிறது என்று காலம் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஏரிக்கு அந்தாண்ட தகரச் சத்தம் நின்றுபோனது. ஊரிலிருந்த நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கின. ரோட்டுப் பக்கம் ஒரு மரக்கிளை முறிந்தது. அப்பா என்னை இழுத்துக்கொண்டு கொல்லை வரப்புக்குப் போனார். மிச்சமிருந்த வெளிச்சத்தில் ரோட்டில், அப்பா நின்ற அதே இடத்தில், அவை நின்றுகொண்டிருந்தன. எண்ணினேன். எட்டு.

பிறகு ஒவ்வொன்றாக எங்கள் ராகிக்குள் இறங்கின. நாலு நாளில் அறுக்க வேண்டிய ராகி. தட்டை முறிகிற சத்தம் மழை வலுக்கிற மாதிரி கேட்டது.

மூன்று வாரம் கழித்து ஆனேக்கல்லிலிருந்து அக்கா போன் செய்தாள். நன்றாக இருக்கிறேன் என்றாள். இப்போது இரண்டு பிள்ளைகள், கன்னடத்தில் என்னை மாமா என்று கூப்பிடுகின்றன. ஆனால் அன்றைக்கு வரப்பில் நின்ற எனக்கு அது ஒன்றும் தெரியாது. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வெடி போடு, வெடி போடு என்று கத்தினார்கள். வெடிக்கட்டு அப்பாவின் இடுப்பில்தான் இருந்தது, தீப்பெட்டி கையில்தான் இருந்தது. அவர் கொளுத்தவில்லை.

"கொளுத்துப்பா" என்று அழுதேன்.

"வேணாம்டா. நாந்தான கூப்ட்டேன். தின்னுட்டுப் போவட்டும்."

கூப்பிட்டது என் நோட்டு. அந்தப் பழி என் மேல் விழாமல் அப்பா தன் மேல் போட்டுக்கொள்கிறார் என்றுதான் அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அதற்காக அவர் கையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.