வளர்ப்புக்கு நான் எழுதிய பிரெஞ்சு

'வளர்ப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கோழிக்கும் அதுதான், பூச்செடிக்கும் அதுதான், பிள்ளைக்கும் அதுதான். தமிழில் அதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம். பிரெஞ்சில் எழுதப் போனபோதுதான் வந்தது வினை.

சைகோனில் எங்கள் சந்தில் துணி துவைத்துப் பிழைத்த ஒரு வியட்நாமியப் பெண், சண்டை ஊருக்குள் வந்த வாரத்தில் குண்டு விழுந்து செத்துப்போனாள். அவளுடைய ஐந்து வயதுப் பெண்ணை அம்மா கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். எனக்கு அப்போது ஏழு. அன்று சாயந்திரமே அவளுக்கு என் தட்டில்தான் சோறு.

யார் கேட்டாலும் அம்மா, "நம்ம வளர்ப்புப் பொண்ணு" என்பாள். வியட்நாமியர் கேட்டால் "கொன் நுவோய்" என்பாள். அதுவும் வளர்ப்புப் பிள்ளைதான். அவர்களும் கோழிக்கும் பிள்ளைக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பவர்கள். தத்து என்ற பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த காரைக்காலிலிருந்து வந்த எங்கள் சனத்துக்குத் தத்து என்றால் ஆண்பிள்ளை, கொள்ளி வைக்க ஆளில்லாதவர்கள் செய்துகொள்கிற காரியம். பெண்பிள்ளைக்கு எதற்கு அதெல்லாம் என்று இருந்துவிட்டார்கள்.

அவள் வளர்ந்தாள். ஐயோ, என்ன வளர்த்தி! பன்னிரண்டு வயதில் என் தலை அவள் தோளுக்குத்தான் வந்தது. அம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப்போட்டு, "கண்ணு படப்போவுதுடி எம்பொண்ணுக்கு" என்பாள். என்னைப் பார்த்து, "நீ இப்புடியே இரு, துணியாவது மிச்சமாவும்" என்று சிரிப்பாள். எல்லா வீட்டிலும் அக்காவின் துணி தங்கைக்குப் போகும். எங்கள் வீட்டில் தங்கைக்குச் சின்னதாகிப்போன பாவாடைகள் அக்காவுக்கு வந்தன. அவளே உட்கார்ந்து கீழ்விளிம்பை மடித்துத் தைத்து, "போட்டுப் பாரு அக்கா" என்று நீட்டுவாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும்.

சண்டை முடிந்து ஊரில் கொடி மாறியது. பிரெஞ்சுக் காகிதம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் கிளம்பவேண்டியதாயிற்று. அப்பா ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் காவலாளாக இருந்தவர். பிரெஞ்சு பேசுவார், எழுத வராது. கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்தவள் நான் என்பதால் பயண விண்ணப்பப் பாரத்தை நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் என்ன உறவு என்று எழுதவேண்டும்.

"தங்கச்சிக்கு என்னப்பா போடுறது?" என்று கேட்டேன்.

"வளர்ப்புப் பொண்ணுன்னு போடு. அதுல என்ன சந்தேகம் உனக்கு?" என்றார்.

அன்று காலையில்தான் அவளுடைய பழைய நீலப் பாவாடையை நான் கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரி, "தங்கச்சி துணியாடி?" என்று தெருவே கேட்கும்படி சிரித்திருந்தாள். நான் அழகான கையெழுத்தில் 'எலெவே' என்று எழுதினேன். எங்கள் வீட்டில் வளர்க்கப்பட்டவள் என்று அர்த்தம்.

காகிதங்களைப் பார்த்த பிரெஞ்சு அதிகாரி அந்த வரியில் விரலை வைத்தார். வீட்டில் வளர்ந்த பெண் என்றால் வேலைக்காரப் பிள்ளையா என்று கேட்டார். இல்லை மிசியே, எங்கள் மகள், என்றார் அப்பா. மகள் என்றால் 'அதோப்தே', அதாவது தத்தெடுத்த மகள் என்றல்லவா இருக்கவேண்டும், இது உங்கள் வீட்டில் எழுதியதுதானே, இப்போது மாற்றினால் பொய்யாகிவிடுமே, என்றார் அவர். அப்பா அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அவர் அவளுடைய பெயரின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எங்கள் சந்திலேயே இன்னொரு குடும்பம் தங்கள் வளர்ப்புப் பெண்ணுக்கு 'அதோப்தே' என்று எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வைத்துக் கூட்டிக்கொண்டு போயிற்று. அந்த ஒரு சொல்தான் வித்தியாசம்.

அவளைப் பெற்றவளுக்கு ஒரு அக்கா இருந்தாள். தங்கச்சியை அவளிடம் விட்டோம். டான் சோன் நாட் விமான நிலையத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவோடு நின்றாள். அம்மா பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு தேம்பினாள். தங்கச்சி கம்பிக்கு மேலே கையை நீட்டி என்னிடம் ஒரு பொட்டலம் கொடுத்தாள். உள்ளே அவளுடைய மஞ்சள் பாவாடை.

"ரெண்டு விரக்கடை உள்ள மடிச்சுத் தச்சிருக்கேன் அக்கா. நீ வளந்தா பிரிச்சு விட்டுக்க."

நான் வளரவில்லை. அந்த மடிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. நாங்கள் காரைக்காலுக்குத் திரும்பி வந்தபின் அவளிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. நாங்கள் எழுதியதெல்லாம் திரும்பி வந்தது.

பல வருஷம் கழித்து அம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "உள்ள ஒரு வளர்ச்சி இருக்கும்மா" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வளத்த புள்ளய உட்டுட்டு வந்தேன். இப்ப யாரு கேட்டா இத?" என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏண்டி, அந்த இன்னொரு சொல்லு, அன்னிக்கு உனக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாதும்மா."

"அதானே. பதினாலு வயசுல உனக்கு என்ன தெரியும், பாவம்" என்று சொல்லிவிட்டு மிச்சக் கஞ்சியைக் குடித்தாள்.

எனக்குத் தெரியும். முதலில் பென்சிலில் அதைத்தான் எழுதினேன். அப்புறம் ரப்பரால் அழித்தேன்.