கால் கட்டைவிரலில் எண்பத்து நான்கு

போன வாரம் எங்கள் வீட்டுக்கு கொரோனா வந்தது. முதலில் எனக்கு. மறுநாள் ராத்திரி ஏழு மாத மகன் ஆதிக்கு ஜுரம். கணவர் ஆபீஸ் டூரில்.

விடிந்ததும் அலமாரியைக் குடைந்து பழைய ஆக்சிமீட்டரை எடுத்தேன். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்ப்போமே, அதுதான் — அந்த நாட்களில் வாங்காத வீடு உண்டா? புது பேட்டரி போட்டு, ஆதியின் கால் கட்டைவிரலில் மாட்டினேன்.

84.

மறுபடி மாட்டினேன். 81. ஆட்டோவா, ஆம்புலன்ஸா? கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்கு போன் செய்தேன். நாகர்கோவில்காரர், குழந்தைகள் வார்டில் நர்ஸ். நைட் டூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். மாஸ்க்கோடு மாடியேறி, கிரில் கதவுக்கு வெளியே நின்றார்.

"மக்ளே, அத மொதல்ல கழத்து. அது பெரியவங்க விரலுக்கு உள்ளது. பிள்ளைக்கு சரியா காட்டாது."

"இல்லக்கா, ரெண்டு தடவை பார்த்தேன்..."

"பத்து தடவ பாத்தாலும் அப்படித்தான். பிள்ள பால் குடிக்கானா?"

"குடிக்கிறான். ஆனா நான் பாசிட்டிவ், கொடுக்கலாமான்னு..."

"கையக் கழுவிட்டு, மாஸ்க் போட்டுட்டு குடு. நேத்து ராத்திரிலேருந்து எத்தன டயப்பர் நனைச்சான்?"

மணிக்கொரு முறை ஜுரம் பார்த்துக் குறித்து வைத்தவளுக்கு இது தெரியவில்லை. குப்பைக்கூடையைத் திறந்து எண்ணினேன். நான்கு. உடம்பில் நீர் வற்றவில்லை என்றார் அக்கா. ஈர டயப்பருக்கு யாராவது நன்றி சொல்வார்களா? நான் சொன்னேன்.

ஆதியின் சட்டையைத் தூக்கச் சொல்லி, கிரில் வழியே ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார்; என்னையும் எண்ண வைத்தார். மூச்சு வாங்கவில்லை, விலா உள்வாங்கவில்லை. அதற்குள் ஆதி ஆக்சிமீட்டரைப் பிடுங்கி வாயில் வைத்துவிட்டான்.

"இப்ப எவ்வளவு காட்டுது, நூறா?" என்றார் அக்கா. "சரி, டாக்டர்கிட்டயும் கேட்டுரு. நான் இங்கனயே இருக்கேன்."

படியில் உட்கார்ந்துகொண்டார்.

வீடியோ காலில் இந்திக்கார டாக்டர் வர முக்கால் மணி நேரமானது. "அச்சா, தூத் பீ ரஹா ஹை?" பால் குடிக்கிறானா என்ற அதே கேள்வி. பெரும்பாலான குழந்தைகளுக்கு லேசாக வந்து போய்விடும் என்றார். பால் குடிக்காவிட்டால், சிறுநீர் குறைந்தால், மூச்சு திணறினால், துவண்டு கிடந்தால் உடனே தூக்கி வர வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை என்றால், ஜுரம் என்றதுமே வரச் சொல்லியிருப்பாராம்.

மூன்றாம் நாள் ஆதிக்கு ஜுரம் விட்டது. என் பயம் டாக்டர் பேசிய அன்றைக்கே விட்டது.

அன்று டாக்டர் சொன்னதைச் சொல்லக் கதவருகே போனேன். இரவெல்லாம் யார் யார் பிள்ளைகளையோ பார்த்துவிட்டு வந்த ஸ்டெல்லா அக்கா, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. கிரிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது.

பழக்கதோஷம்... ஒரு நிமிடம் மூச்சை எண்ணியும் பார்த்துவிட்டேன்.