சித்தப்பாவின் கையில் விழுந்த காய்ப்பு

பிள்ளைகளா, உங்கள் சித்தப்பா ஏன் டிகிரி முடிக்கவில்லை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். "சொல்லுண்ணே, அதுகளும் தெரிஞ்சுக்கிறட்டும்" என்று இப்போது அவனே சொல்லிவிட்டான். அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்று, பரவையில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கியவன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் என் தம்பிதான். தினமும் மதுரைக்கு பஸ் ஏறுவான். மூன்றாம் வருஷம் அவன் வலது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு காய்ப்பு விழுந்தது. "எம்புட்டு எழுதுறானோ எம்புள்ள!" என்று அம்மா சாயங்காலமானால் விளக்கெண்ணெய் தேய்த்துவிடுவாள். எழுதினால் காய்ப்பு எந்த இடத்தில் விழும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? எனக்கு மூட்டையால் தோளில் விழுந்ததுபோல் அவனுக்குப் பேனாவால் கையில் விழுந்திருக்கிறது என்று நானும் மில்லில் பெருமையடித்துக்கொண்டேன்.

கடைசிப் பரீட்சை அன்று, அம்மா சாமி படத்தின் முன் வைத்திருந்த பேனாவை எடுக்காமலே போய்விட்டான். பரீட்சை மத்தியானம்தானே என்று பேனாவோடு நானும் பஸ் ஏறினேன். கல்லூரி வாசலில் அவனோடு படிக்கிற பையன் என்னைப் பார்த்து முழித்தான்.

"மாப்ள காலேஜ் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சுண்ணே. டவுன்ஹால் ரோட்டு மாடியில வீடியோ கேம் கடை இருக்கு. அங்க பாருங்க."

வழி கேட்டுக் கேட்டு டவுன்ஹால் ரோட்டுக்குப் போனேன்.

மாடியில் இருட்டு அறை. பீரோ உயரத்துக்குப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு டிவி. ஒன்றின் முன்னால் என் தம்பி. சுற்றிலும் கல்லூரிப் பையன்கள். திரையில் பூச்சி பூச்சியாக என்னவோ இறங்கி வர, உருண்டைத் தலை வைத்த ஒரு குச்சியை வலது கையால் ஆட்டிக்கொண்டிருந்தான். அந்த உருண்டை அவன் உள்ளங்கையில், காய்ப்பு இருந்த அதே இடத்தில், மோதி மோதித் திரும்பியது.

"டேய், பரீட்சைடா! பேனா கொண்டாந்திருக்கேன், வா."

திரும்பவில்லை. "இருண்ணே. இன்னும் ஒரு உசுரு கெடக்கு."

"பேனாவா?" என்று ஒருத்தன் சிரித்தான். "இங்க கைதாண்ணே வேணும். மறைக்காம நில்லுங்க, மாப்ள ஜெயிக்கப்போறான்."

தோளைப் பிடித்து இழுத்தேன். பஸ்ஸில் காலை மிதித்துவிட்ட யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் திரைக்கே திரும்பிவிட்டான். மூட்டை தூக்குகிற எனக்கு, அவனை அந்த இடத்தைவிட்டு நகர்த்தக் கை வரவில்லை.

அவன் குச்சியை விட்டபோது, பரீட்சைக்கு உள்ளே விடுகிற நேரம் தாண்டிவிட்டது. அப்போதுதான் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தான். மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அம்மாட்ட சொல்லிராதண்ணே."

"நான் சொல்லமாட்டேன். நீ வந்து உன் வாயால சொல்லு. நான் முன்னால போறேன்."

வீட்டில் யாருமில்லை. பரீட்சை எழுதுகிற பிள்ளைக்காக விளக்குப் போட அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அவன் வந்ததும் கையில் தேய்ப்பதற்கு, அடுப்படியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் விளக்கெண்ணெய் எடுத்து வைத்திருந்தாள்.

கிண்ணத்தை எடுத்து, சிந்தாமல் எண்ணெயை மறுபடி பாட்டிலிலேயே ஊற்றி, மூடியைத் திருகி வைத்தேன்.