விசாரிக்கப் போன வீட்டில் மெத்தைக் கதிரைகள்

கல்வி உதவி நிதியமொன்றில் கள உத்தியோகத்தராக இருந்த காலத்தில் எனக்குப் பிடிக்காத வேலை வீட்டு விசாரணைதான். பட்டப்படிப்பைப் பாதியில் விடப்போகிற பிள்ளைகளின் வீட்டுக்குப் போய், உண்மையிலேயே கஷ்டம்தானா என்று பார்த்து வரவேண்டும். இங்கே அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லைதான். போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் யார் கொடுப்பது?

தெஹியோவிட்ட பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கவிதா என்றொரு பிள்ளை. கடைசி வருடம். ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. அம்மாவின் சம்பளம் மட்டும்தான். "இந்த மாசம் ஒதவி கெடைக்கலைன்னா கார்மண்ட்ஸ்ல தைக்கப் போயிருவேன் சேர்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

என்னோடு வந்தவர் நிதியத்தின் பொருளாளர், எஹலியகொடயில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ஹாஜியார். நல்ல மனுஷர், ஆனால் சந்தேகப் பிராணி. அந்த முறை ஒரு பிள்ளைக்குத்தான் இடம். அவர் தலையாட்டினால்தான் காரியம் நடக்கும்.

வரிசை வீடுகளான லயத்தில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நுழைந்தோம். மெத்தை வைத்த கதிரைகள், பெரிய டிவி, மேசையில் புது விரிப்பு, கண்ணாடிக் கிளாஸில் சோடா. நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். பெரிய மனுஷர் வருகிறார் என்றால் லயமே சேர்ந்து சாமான் இரவல் கொடுக்கும். பெண் பார்க்க வருகிற நாளிலும் அப்படித்தான். அதில் ஏமாற்று ஒன்றுமில்லை, மரியாதை. ஆனால் ஹாஜியாருக்கு அது எப்படித் தெரியும்? அவர் கண் டிவியை விட்டு நகரவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே நிற்கிற கவிதாவின் அப்பா முகத்தைப் பார்த்தபடி நான் எதைச் சொல்வது?

"வசதியாத்தானே இரிக்கிறீங்க" என்றார் ஹாஜியார்.

"ஒங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க" என்றார் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு.

போச்சுடா என்று நினைத்தேன். ஹாஜியார் எழுந்துவிட்டார். "அப்ப நாங்க வாறோம். இதவிட கஷ்டப்பட்ட ஆக்கள் இரிக்காங்க."

கவிதா வாசலை மறித்து நின்றாள். "கதிர பக்கத்து வீட்டுது சேர். டிவி கங்காணி வீட்டுது. எங்களுக்குன்னு இருக்கிறது பாயும் சட்டிபானையும்தான்."

"வாய மூடு புள்ள" என்றார் அப்பா. "வந்தவங்கள பாயிலயா ஒக்கார வைக்கச் சொல்ற?"

ஹாஜியார் திரும்பி வந்து உட்கார்ந்தார். சோடாவை எடுத்து முழுவதும் குடித்தார். "எங்கட வீட்லயும் விருந்தாளி வந்தா இப்படித்தான் செய்வாங்க" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா தலை நிமிரவில்லை. உதவி உறுதியானது அங்கேயேதான்.

த்ரீவீல் நின்ற இடம் வரைக்கும் கவிதா கூட வந்தாள். முகத்தில் சந்தோஷமே இல்லை. "அப்பா இனிமே எங்கூட பேசுவாரா சேர்?" என்று கேட்டாள். வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் தகப்பனைத் தனியாகப் பார்த்துப் பேசிவிடுவேன். வீட்டுக்குள்ளே, பிள்ளையை வைத்துக்கொண்டு, வசதியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் அப்படியே செய்யுங்கள்.

கவிதா படிப்பை முடித்துவிட்டாள். பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா மட்டும்தான் வந்திருந்தார்.