கிறிஸ்துமஸுக்கு எந்த மெட்டைச் சுற்றுவது?

கைப்பிடியைச் சுற்றி வாசிக்கிறவனுக்குக் கை வலிக்காது. எந்த மெட்டைச் சுற்றுவது என்று தலைதான் வலிக்கும். என்னைப்போல ஊரார் காதை நம்பிப் பிழைக்கிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

என்னுடையது கப்பல்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன ஹர்டி-கர்டி என்கிற சீமை வாத்தியம். வலக்கை சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் நரம்பை உரசும், இடக்கை கட்டையை அழுத்தி மெட்டை எடுக்கும். கூடவே ஒரு நரம்பு, நாயனத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி, ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருக்கும். சுருதியை விட்டு அலைகிற மெட்டெல்லாம் இதற்கு ஆகாது. அறுபதுகளில் ஒரு டிசம்பர், தேக்கா கடைத்தெருவில் ஜவுளிக்கடை ஒன்றின் வாசலில் கிறிஸ்துமஸ் பாட்டு வாசிக்க உட்கார்ந்தேன்.

பிறப்பும் அடக்கமும்

பக்தியாக இருக்கட்டுமே என்று முதல் நாள் மெதுவான மெட்டு எடுத்தேன். குவீன்ஸ்டவுனிலிருந்து துணி வாங்க வந்த யாழ்ப்பாணத்து டீச்சரம்மா, தேவாலயத்தில் பாட்டுக் குழு நடத்துகிறவர், நின்று முழுசாகக் கேட்டார். பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணை, யேசு இப்பத்தான் பிறந்திருக்கிறார். நீங்கள் அதுக்குள்ள அவரை அடக்கம் செய்யிறியள்."

சாமி எந்தப் பக்கம்?

மறுநாள் துள்ளலான மெட்டு. ஒத்து நரம்பையும் நன்றாக இறுக்கிவிட்டேன். தெருமுனைப் பூக்காரி ராக்கம்மா, தேங்காய்த் தட்டும் கையுமாக ஓடி வந்தது. நாயனம் கேட்டதாம், ரதம் வருகிறதாம். துணி பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ரதம் பார்க்கத் தெருவுக்கு இறங்கிவிட்டார்கள். கடை முதலாளி முகம் கறுத்துவிட்டது. "வந்த ஆளுங்கள வெளிய அனுப்பவா உங்கள உட்கார வச்சேன்? நாளைக்கு ரேடியோ வைக்கப் போறேன். அது சரியா இருந்தா உங்களுக்கு இங்க வேலை இல்ல" என்றார்.

இது ஏசு சாமிக்கு வாசிக்கிறது என்று ராக்கம்மாவுக்கு விளக்கினேன். அது தட்டை இறக்கவில்லை. "எந்தச் சாமியா இருந்தா என்னண்ணே, இந்தப் பக்கம் வருதா இல்லையா? சூடத்தக் கொளுத்திட்டேன் லா."

காசிம் பாயின் கால்

மூன்றாம் நாள் போனபோது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில், கடைக்குத் தைத்துக் கொடுக்கிற காசிம் பாய் தையல் மிஷினோடு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கிறிஸ்துமஸ் சட்டைகள் வெட்டியபடி தைக்காமலே கிடந்தன. ரேடியோவில் செய்தி வந்தது. பாய் காலை நிறுத்திவிட்டுக் கேட்டார். பாட்டு வந்தது, கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். சட்டைக்கு வந்தவர்கள் முதலாளியைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டார்கள்.

நான் யாரையும் கேட்கவில்லை. மணியடிக்கிற மாதிரி ஓடுகிற ஒரு மெட்டு, ஒத்துச் சுரத்தை விட்டு விலகாதது, அதை எடுத்துச் சுற்றினேன். பாயின் கால் தானாக மிதிக்க ஆரம்பித்தது. நான் வேகம் கூட்டினேன், ஊசியும் கூட்டியது. முதலாளி என் கையைப் பார்த்தார், பாயின் காலைப் பார்த்தார், ரேடியோவை அணைத்து உள்ளே தூக்கிப்போனார். சாயங்காலம் வரைக்கும் சட்டைகள் வரிசையாக இறங்கின. கடைசியில் பாய்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கெஞ்சினார்: "அண்ணே, மெதுவா ஒண்ணு வாசிங்களேன். நான் பொத்தான் தைக்கணும்."

அந்த வருஷம் தேக்காவில் எத்தனை பேர் காதில் ஏசு பிறந்தாரோ தெரியாது, சட்டை மட்டும் எல்லாருக்கும் நேரத்துக்குக் கிடைத்தது.