அப்பா அரைத்த மஞ்சள்தூள்

நியூஜெர்சியில் என் வீட்டுக்கு வந்த சுகாதாரத் துறைப் பெண் காலணியைக் கழற்றவில்லை. அதன்மேல் நீல நிற உறையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் முடி உலர்த்தும் கருவியைப் போல ஒன்று. அதைச் சுவரில் வைத்தார், ஜன்னல் சட்டத்தில் வைத்தார், என் மகள் நிலாவின் பொம்மைகளில் வைத்தார். ஒவ்வொரு முறையும் தலையசைத்து நகர்ந்தார். கடைசியில் சமையலறைக்கு வந்து மஞ்சள்தூள் டப்பாவைத் திறக்கச் சொன்னார். கருவியில் வந்த எண்ணைப் பார்த்தவர், இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு அங்கே வழக்கமாக எடுக்கும் பரிசோதனையில், நிலாவின் ரத்தத்தில் ஈயம் அதிகம் என்று வந்திருந்தது. "வீட்டு மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா?" என்று நர்ஸ் தொலைபேசியில் கேட்டபோது, இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. பாலில் போடும் மஞ்சளை மருந்தென்று நான் நினைத்ததே இல்லை.

அந்த மஞ்சள் நெய்வேலியிலிருந்து வந்தது. அப்பா மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் முப்பது வருடம் ஷிப்ட் பார்த்தவர். "தொண்டையில ஒட்டிக்கினு இருக்கிற கரித்தூள மஞ்சப்பால்தான் எடுக்கும்" என்பார். அம்மா இறந்து, தானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், எனக்கு மஞ்சள் அனுப்புவது அவர் பொறுப்பாயிற்று. சந்தையில் கிழங்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மொட்டைமாடியில் காயவைத்து, மில்லில் அரைக்கும்போது கூடவே நிற்பார். மூட்டுவலி போகும், புற்றுநோய் அண்டாது, குழந்தைக்கு மூளை வளரும் என்று தினமும் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஏதாவது வரும். இதைப் படிக்கிற பலருடைய சமையலறையிலும் இப்படி ஒரு பொட்டலம் இருக்கும்.

தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, நிலாவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டுத் தனியாக ஊருக்குப் போனேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் வடலூர் சாலையில் அப்பா கட்டிய வீடு. போய் உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் மஞ்சள் பாலை முன்னால் வைத்தார். நான் அதைத் தொடாமலே சொன்னேன்.

"நிலா ரத்தத்துல ஈயம் இருக்குப்பா. நீங்க அனுப்பின மஞ்சத்தூள்ல இருந்துதான்."

"கடை பாக்கெட் இல்லியே பாப்பா. நானே நின்னு அரைச்சது."

"அரைக்கிறதுக்கு முன்னாடியே கிழங்கு மேல ஈயம் கலந்த சாயத்த பூசிடறாங்களாம். மங்கலா இருந்தா யாரும் வாங்க மாட்டாங்கன்னு."

"நல்லா பளிச்சுனு இருந்ததாத்தான் பொறுக்கினேன்" என்றார். பிறகு, "புள்ளைக்கு என்னாவும்?" என்று கேட்டார்.

"மூளை வளர்ச்சிய பாதிக்கலாம்னு சொல்றாங்க. நிறுத்தினதுல கொஞ்சம் குறைஞ்சிருக்கு. இன்னும் பாக்கணும்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. யாருடைய குழந்தையைப் பற்றியோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா தன் சமையலறையிலிருந்த மஞ்சள்தூள் டப்பாவை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். "மண்ணுல கொட்டாதீங்கப்பா" என்றேன். சாக்கடைப் பக்கம் திரும்பினார். அங்கேயும் வேண்டாம் என்றேன். எங்கே வைப்பதென்று தெரியாமல் சிறிது நேரம் டப்பாவோடு நின்றார். கடைசியில் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டிப் பரணில் போட்டோம்.

மறுநாள் அவரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. நிலாவுக்கு இருந்ததைவிட அவருக்கு அதிகம். அந்த மஞ்சளை உடனே நிறுத்தச் சொல்லி, மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார் டாக்டர். திரும்பும் வழியில், ஆட்டோவில், அப்பா வெளியே பார்த்தபடியே சொன்னார்: "மொதல்ல நான் குடிச்சிப் பாத்துட்டுதான் புள்ளைக்கு அனுப்பினேன்." நான் அவர் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

கிளம்பும் நாளில் பண்ருட்டி முந்திரிப் பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்வதற்குள் அவரே உள்ளே எடுத்துப் போய்விட்டார்.

நியூயார்க் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி, உணவுப் பொருள் ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பாமல் பெட்டியைத் திறந்தார். துணிகள் மட்டும் இருந்தன.

"குடும்பத்தைப் பார்க்கத்தானே போனீர்கள்?"

"ஆமாம்."

"அவர்கள் எதுவும் கொடுத்தனுப்பவில்லையா?"

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்து, அதே கேள்வியை அவர் இன்னும் மெதுவாகக் கேட்டார்.